இந்தியாவிலிருந்து கையால் செய்த பட்டு ஸ்டோல், ஸ்காஃப், பர்ஸ் எடுத்து இங்கே இலங்கையில் விற்கலாமா? ஏற்றுமதி செய்கிறவர்களை நம்பலாமா?

நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், வந்த சாமான் உண்மைப் பட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதைக் கற்றுக்கொண்டால் முதல் கேள்விக்கு அவ்வளவு வேலை இருக்காது. துணியைப் பார்க்கத் தெரிய வேண்டும், அதையும் மிச்சக் காசு கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். நீங்கள் முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ சின்னதாகத் தொடங்கப் போகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரிய கொம்பனி என்றால் அவர்களுக்கு இதைப் பார்க்க என்று தனியாக ஆள் இருப்பார்கள்.

நான் கிழக்கிலங்கையில் உள்ள மருதமுனை. வாப்பா தறிக்காரர். சாரமும் சாறியும் நெய்து எங்களை வளர்த்தவர். 2004 சுனாமியில் தறிகள் போன பிறகு அவர் திரும்ப நெய்யவில்லை. நான் இப்போது அறுகம்பை, பாசிக்குடாப் பக்கம் உள்ள ஹோட்டல் கடைகளுக்கும் கல்முனை, மட்டக்களப்பில் சில கலியாண வீடுகளுக்கும் பட்டு ஸ்டோல், ஸ்காஃப் கொடுக்கிறேன். இந்த இடத்தில் யாராவது வந்து, மருதமுனைக்காரி தன் ஊர்த் தறியை விட்டுவிட்டு இந்தியச் சாமான் விற்கிறாளே என்று எழுதுவார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஓடுவது பெரும்பாலும் பருத்தித் தறி. பட்டில் நெய்வதென்றால் நூலை வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும், அந்த விலையில் முடித்த ஸ்டோலே வந்துவிடும். ஊர்ச் சாரத்தையும் நான் விற்கிறேன், அதில் எனக்குப் பெருமைதான்.

பட்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்தது இந்தியா. மல்பெரி, டசர், எரி, முகா என்று எல்லா வகையும் அங்கே விளைகிறது. முகா அசாமில்தான். ஸ்காஃப், ஸ்டோல் என்று வந்தால் பீகாரின் பாகல்பூர் டசருக்குப் பெயர் போனது. வங்காளத்தில் காந்தா என்கிற சின்னச் சின்ன ஓட்டுத் தையல் போட்டது, குஜராத்தில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் பாந்தனி, பனாரஸ் ஜரிகைத் துணியில் தைத்த பைகள் எல்லாம் கிடைக்கும். எனக்கு டசர்தான் நன்றாகப் போகிறது. தேன் கலரில், அங்கங்கே நூல் தடித்து, கையில் எடுத்தால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். வெள்ளைக்காரர்களுக்கு அந்தச் சொரசொரப்புத்தான் பிடிக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாகல்பூர் ஏற்றுமதிக்காரர் ஒருவரிடம் டசர் ஸ்டோல் கேட்டேன். வந்த சாம்பிள் அருமையாக இருந்தது. 30 வீதம் முற்பணம் கட்டினேன். மிச்சம் எப்போது என்பதை ஓடரிலேயே எழுதியிருந்தேன்: முழு லொட்டும் நெய்து முடிந்த பிறகு, நான் சொல்லும் கட்டிலிருந்து ஒரு ஸ்டோலை உருவிக் கூரியரில் அனுப்ப வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் காசு. முதல் சாம்பிளை மட்டும் வைத்து யாரும் முழுக் காசையும் கட்டாதீர்கள். சாம்பிள் எல்லோரும் நல்லதாகத்தான் அனுப்புவார்கள்.

அந்த ஸ்டோல் வந்த அன்று வாப்பா வீட்டில் இருந்தார். முற்றத்தில் வைத்துக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை எடுத்து எரித்தோம். முடி கருகுகிற வாடை வந்தது, நெருப்பை எடுத்ததும் அணைந்தது, சாம்பலை விரலால் நசுக்கினால் கறுப்புத் தூள். பட்டுத்தான். நான் மடித்து வைக்கப் போனபோது வாப்பா, "குஞ்சம் பாவு நூல்தானே மகள், ஊடையை எடுத்துப் பாருங்க" என்றார். பக்கக் கரையைக் கொஞ்சம் பிரித்து, குறுக்கே ஓடுகிற நூலை இழுத்து எரித்தோம். காகிதம் மாதிரிக் குப்பென்று பிடித்து, காகித வாடையோடு எரிந்து, சாம்பல் நிறத்தில் லேசான தூளாகப் பறந்தது. விஸ்கோஸ், மரக்கூழில் செய்யும் மலிவு நூல்.

இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் எல்லோரும் எரித்துப் பார் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், எந்த நூலை எரிப்பது என்று சொல்வதில்லை. ஸ்டோலின் இரண்டு தலைப்பிலும் தொங்கும் குஞ்சம் என்பது தறியில் நீளத்துக்கு ஓடிய பாவு நூலின் மிச்சம். ஊடை நூல் அதில் இருக்கவே இருக்காது. துணியில் ஏறக்குறையப் பாதி ஊடைதான், அதில் மலிவு நூலைப் போட்டால் குஞ்சத்தை எரிக்கிறவர் கடைசிவரை கண்டுபிடிக்க மாட்டார். பாலியெஸ்டர் என்றால் இன்னும் சுலபம், உருகி இறுகிக் கடின மணியாக நிற்கும், கையில் பட்டால் சுடும், கவனம். சிலர் ஒரே நூலுக்குள்ளேயே இரண்டு வகை இழையை முறுக்கியிருப்பார்கள், அதனால் நூலைப் பிரித்து ஒவ்வொரு இழையாக எரியுங்கள்.

அந்த ஏற்றுமதிக்காரருக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். முதலில் அப்படி எதுவும் இல்லை என்றார். எரிக்கிற வீடியோவை அனுப்பினேன். அப்புறம், "மேடம், இந்த விலைக்கு இதுதான் வரும்" என்றார். விலையைச் சொன்னது அவர், நான் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை, அந்த உரையாடல் முழுக்க என் போனில் இருக்கிறது. பிறகு விலையைப் பாதியாகக் குறைக்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு என்ன தெரியப் போகிறது என்று கேட்டார். எனக்கு அந்த வார்த்தைதான் பொறுக்கவில்லை. அறுகம்பையில் ஒரு பெண் பட்டு என்று நம்பி வாங்கிப் போய், ஊரில் யாரோ அதை எடுத்துப் பார்த்துச் சிரித்தால் அந்தப் பெயர் பாகல்பூர்க்காரருக்கு வராது, எங்களுக்குத்தான் வரும். வேண்டாம் என்றேன். இழுத்தடித்து, கடைசியில் முற்பணத்துக்கு ஈடாகச் சரியான ஸ்டோல்களை மட்டும் அனுப்பினார். அது வந்து சேரும்போது அலைச்சறுக்குச் சீசன் பாதி முடிந்துவிட்டது. கலப்பு என்று சொல்லிக் கலப்புத் துணி விற்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அதை எழுதி ஒட்டி விற்றால் அது நேர்மையான வியாபாரம்.

இந்தக் கதையைச் சொன்னால் உடனே, அங்கே உள்ள நெசவாளிகள் எல்லாம் கள்ளர் என்பார்கள். அதுதான் இந்தப் பதிலை எழுத வைத்தது. பிறகு நானும் தம்பியும் கொல்கத்தா போய், அங்கிருந்து ரயிலில் பாகல்பூருக்குப் போனோம். சம்பாநகர், நாத்நகர் இரண்டும் தறிக்காரர் வாழும் பகுதிகள். அங்கே நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அன்சாரி என்கிற நெசவுச் சமூகத்தார். 1989 இந்து-முஸ்லிம் கலவரத்தில் அந்த ஊரில் எத்தனையோ பேர் செத்தார்கள், தறிகளை எரித்தார்கள். அதை ஒரு பெரியவர் சொன்னபோது சுனாமிக்குப் பிறகு எங்கள் தெரு இருந்த இருப்பு ஞாபகம் வந்தது. அவர் தறியில் அன்றைக்கு ஓடியது பட்டுப் பாவும் விஸ்கோஸ் ஊடையும்தான். கேட்டேன், அவர் மறைக்கவே இல்லை. நூலைக் கொடுப்பது மகாஜன், அதாவது முதலாளி, எந்த நூலைக் கொடுக்கிறாரோ அதை நெய்து கொடுத்துவிட்டுக் கூலியை வாங்குவேன் என்றார். அந்தத் துணி எந்த நாட்டுக்குப் போகிறது, அதில் என்ன எழுதி ஒட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் வாப்பாவும் கொஞ்சக் காலம் முதலாளி கொடுத்த நூலில்தான் நெய்தார். கலப்படம் தறியில் நடப்பதில்லை, நூல் வாங்கும் இடத்தில் நடக்கிறது, விபரத் துண்டுச் சீட்டு எழுதி ஒட்டும் இடத்தில் நடக்கிறது. நெசவாளியைத் திட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு திட்டட்டும்.

பட்டுக்கூட்டிலிருந்து டசர் நூல் எடுப்பதையும் பார்க்க வேண்டும். பெண்கள் தொடையில் வைத்து உருட்டி உருட்டி நூல் எடுத்த முறை பல தலைமுறையாக இருந்தது. தோல் உரிந்து காயமாகும். அதை நிறுத்துவதற்குத்தான் இந்திய மத்திய பட்டு வாரியம் புனியாத் என்கிற சின்ன இயந்திரத்தைக் கொண்டுவந்தது. "முழுக்க முழுக்கக் கையால் செய்தது" என்று எழுதி விற்கும்போது எந்தக் கையால், எப்படி என்பதையும் கேளுங்கள். இயந்திரத்தில் எடுத்த நூல் என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை.

அங்கே அறிமுகமான ஒருவரிடம்தான் இப்போது எடுக்கிறேன். விலை கூட. ஓடரோடு பாவு நூலிலும் ஊடை நூலிலும் கொஞ்சம் எனக்கு முதலே வர வேண்டும், அதை ஒட்டி வைத்துக்கொள்வேன், துணி வந்ததும் பிரித்து ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

சில்க் மார்க் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது இந்தியாவில் தூய பட்டுக்குக் கொடுக்கும் முத்திரை, 2004 முதல் இருக்கிறது, நல்ல விஷயம், இலக்கம் போட்ட துண்டுச் சீட்டு ஒவ்வொரு சாமானிலும் தொங்கும். கேட்டு வாங்குங்கள். ஆனால் அது தூய பட்டு என்று மட்டும்தான் சொல்லும். கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது. அதற்கு ஹான்ட்லூம் மார்க் என்று வேறு ஒன்று உண்டு, 2006இல் வந்தது. இரண்டையும் ஒன்றென்று காட்டி விலையைக் கூட்டுகிறவர்கள் உண்டு. காந்தா என்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையலில் ஒரே நூல்தான் இரண்டு பக்கமும் ஏறி இறங்கும், இயந்திரத் தையலில் அடிநூல் தனியாகத் தெரியும். அச்சுப் போட்ட மல்பெரி ஸ்காஃபுக்குக் குஞ்சம் கிடையாது, அதில் கரையைப் பாருங்கள், கையால் சுருட்டித் தைத்தது உருண்டு புடைத்து நிற்கும், இயந்திரத்தில் மடித்தது தட்டையாக இருக்கும்.

பட்டின் கனத்தை மொம்மி என்ற அளவில் சொல்வார்கள், ஒரு மொம்மி என்றால் சதுர மீற்றருக்கு 4.34 கிராம். 14 மொம்மி என்று சொல்லி விற்கும் 90 சென்ரிமீற்றர் சதுர ஸ்காஃப் 49 கிராம் அளவில் இருக்க வேண்டும், 8 மொம்மி என்றால் 28 கிராம். தராசில் வைத்துப் பாருங்கள், நகைக்கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். சாயத்தையும் விடாதீர்கள். வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், சிவப்பும் மெரூனும்தான் அதிகம் இறங்கும். நம் பக்கத்து வெயிலில் கழுத்து வியர்வை பட்டே சட்டைக் கொலரில் ஏறிவிடும், பிறகு வாங்கியவர் உங்களைத்தான் தேடி வருவார்.

காசு விஷயம் சுருக்கமாக. பட்டுச் சால்வை, ஸ்காஃபுக்குச் சுங்க இலக்கம் 6214.10 என்று தொடங்கும். விலைப்பட்டியலில் அதைச் சரியாக எழுதச் சொல்லுங்கள், பட்டு என்று எழுதி வேறு நூல் வந்தால் மாட்டுவது நீங்கள்தான். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம், தீர்வையும் மற்றக் கட்டணங்களும் இருக்கின்றன, அதையெல்லாம் கணக்குப் போட்டு முடிக்காமல் விற்கும் விலையை அறிவிக்காதீர்கள். வங்கியில் காசு அனுப்பப் போகும்போது எல்லாப் பத்திரங்களையும் ஒரு கோப்பில் கொண்டுபோங்கள். நான் ஒரு வங்கிக் கிளைக்கு அப்படி எல்லாம் கொண்டுபோன அன்று, கவுண்டரில் இருந்தவர் பத்திரத்தைப் பார்க்கவில்லை, "கணவர் வரவில்லையா?" என்றுதான் கேட்டார். வியாபாரப் பதிவு என் பெயரில், கணக்கு என் பெயரில், வரி இலக்கம் என் பெயரில். கணவர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு டசருக்கும் பருத்திக்கும் வித்தியாசம் தெரியாது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும், ஆனால் நம் பகுதியில் பெண் ஒருத்தி இறக்குமதி செய்தால் அது பொழுதுபோக்கு, ஆண் செய்தால் தொழில். நீங்கள் பெண் என்றால் உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். பத்திரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அனுப்ப வேண்டிய தொகையை மட்டும் திரும்பச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அன்றைக்கே காசு போனது.

அப்புறம் பர்ஸ். முதல் ஓடரில் அதைப் போடாதீர்கள். பட்டு நன்றாக இருந்தாலும் உள் துணி, பசை, ஜிப் மூன்றும் வேறு வேறு ஆட்களிடமிருந்து வருகிறது, மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மலிவு ஜிப் நம் கடற்கரை உப்புக் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது, பச்சை பிடித்து இறுகிவிடும். ஸ்டோலில் தொடங்குங்கள், அதில் பார்க்க வேண்டியது பாவும் ஊடையும் சாயமும் மட்டும்தான். பிறகு பர்ஸ் எடுப்பதென்றால் ஜிப்பை மட்டும் முதலில் வரவழைத்து, உப்புத் தண்ணீரில் நனைத்து வெளியே சில நாள் தொங்கவிட்டுப் பாருங்கள்.