அண்ணனுக்கு எது கிட்டத்து வழி?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "சர்க்கரையால் அண்ணனுக்குப் பார்வை போய்விட்டது. பஸ் நிறுத்தம் வரைக்கும் தனியாகப் போக ஆசைப்படுகிறார். போனில் மேப் போட்டால் செம்பனைக் காட்டு மண்பாதையில் இழுத்து விடுகிறது. என்ன செய்வது?"

மேப்பைத் திட்டிப் பயனில்லை. வழி தேடும் செயலிகளுக்கு அடிப்படையான டைக்ஸ்ட்ரா முறை 1959-இல் வெளிவந்தது. ஒவ்வொரு பாதைத் துண்டுக்கும் ஒரு செலவு போட்டு, மொத்தம் குறைவாக வரும் வழியை அது எடுக்கும். வழக்கமாக அந்தச் செலவு தூரம் அல்லது நேரம். பார்வையற்றவர்களுக்காக ஆராய்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் மாற்றுகிறார்கள்: வெள்ளைத் தடி தொட்டுக்கொண்டே போக ஓரம் கிடைத்தால் செலவு குறைவு, ஓரமே இல்லாத வெட்டவெளி என்றால் அதிகம்.

வெட்டவெளி ஏன் மோசம்? கண்ணைக் கட்டிவிட்டு நேராக நடக்கச் சொன்னால் மனிதன் வட்டமடிக்கிறான். சில வட்டங்கள் 20 மீட்டர் அகலம்கூட இல்லை என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ஓரமில்லாத மண்பாதை வேண்டாம், சுற்றானாலும் தார்ச்சாலை ஓரம்தான். மூடாத லோங்காங் (சாக்கடை) ஆபத்துதான், ஆனால் அதன் சிமெண்டு விளிம்பு தடிக்கு நல்ல துணை. (எங்கே உடைந்திருக்கிறது என்று முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள்.)

அப்புறம், ஜிபிஎஸ். திறந்த வானத்தின் கீழேயே போனில் சுமார் 5 மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் மோசம். தோட்டத்துச் சாலையின் அகலமே அவ்வளவுதானே! சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று போனுக்குத் தெரியாது. அதைக் காதும் காலும்தான் சொல்ல வேண்டும்: ரொட்டி சானாய் கடையின் கல் சத்தம், காலில் தட்டும் வேகத்தடை, கோயில் சுவர் முடியும் இடம்.

முதலில் நாலைந்து தடவை கூடவே நடங்கள். நீங்கள் அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அவர் உங்கள் முழங்கையைப் பிடிக்கட்டும். எது அடையாளம் என்று அவரே சொல்ல, போனில் குரலாகப் பதிந்துகொள்ளுங்கள். நமக்குப் பெரிதாகத் தெரியும் பெயர்ப்பலகை அவருக்கு ஒன்றுமே இல்லை. ஐபோன் என்றால் வாய்ஸ்விஸ்டா என்ற செயலியில் அந்த இடங்களைக் குறித்து வழியாகக் கோக்கலாம். மைக்ரோசாப்ட் 2018-இல் கொண்டுவந்து பின்னர் நிறுத்திய, பார்வையற்றவர்களுக்கு ஒலியால் வழிகாட்டும் சவுண்ட்ஸ்கேப் செயலியின் நிரலிலிருந்து வந்தது இது. நடைபாதை, வேகத்தடை போன்றவற்றை யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் நீங்களே சேர்க்கவும் முடியும்.

பெரிய சாலையைக் கடப்பதை மட்டும் எந்தச் செயலியிடமும் ஒப்படைக்காதீர்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தில் நடமாட்டப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். பழகிய பிறகும், மழை கொட்டும்போது கிளம்ப வேண்டாம். தகரக் கூரை இரைச்சலில் மோட்டார் சைக்கிள் வருவதே கேட்காது.