வெளியில் ஒருமுறை ஆயில் மாற்றினால் டர்போவுக்கு வாரண்டி போய்விடுமா?

கேள்வி: வணக்கம் சார். திண்டுக்கல் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 2022 நவம்பரில் சுமார் 14 லட்சம் ரூபாய்க்கு ஒரு டீசல் எஸ்.யூ.வி. வாங்கினேன். வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. வண்டி பெரும்பாலும் டவுனுக்குள்தான் ஓடுகிறது. போன மாதம், 38,500 கி.மீ. ஓடியிருந்த நிலையில், திடீரென்று இழுவை போய், விசில் மாதிரி சத்தமும் பின்னால் நீலப் புகையும் வந்தது. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது என்கிறார்கள் கம்பெனி சர்வீஸ் சென்டரில். 20,000 கி.மீ. சர்வீஸை மட்டும் ஊரில் தெரிந்த மெக்கானிக்கிடம் செய்தேன். அதனால் வாரண்டி கிடையாது, 1.9 லட்சம் கட்டுங்கள் என்கிறார்கள். 30,000 சர்வீஸை அவர்களேதான் செய்தார்கள். 35,000-ல் டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) விளக்கு எரிந்தது, கொண்டுபோய்க் காட்டினேன், ரீஜெனரேஷன் (வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிப்பது) செய்து அனுப்பிவிட்டார்கள். இப்போது இன்ஜினைப் பிரித்துப் பார்க்கக் கையெழுத்து கேட்கிறார்கள். வண்டியை எடுக்காவிட்டால் பார்க்கிங் சார்ஜ் போடுவார்களாம். நான் புது வண்டி கேட்க முடியுமா?

பதில்: முதலில் அவசரமான விஷயம். அந்தப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பிரித்துப் பார்ப்பது தவறில்லை, பிரிக்காமல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் நீங்கள் இல்லாதபோது பிரித்து, துடைத்து, டிரேயில் போட்டு வைத்துவிட்டால் உங்கள் வழக்கின் பாதி அங்கேயே போய்விடும். இந்த மாதிரி வழக்குகளில் சாட்சி என்பது வண்டிக்குள்ளேயே இருக்கிறது: டர்போவின் ஷாஃப்ட், அதன் பேரிங், அதற்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய், சம்ப்பில் (இன்ஜினின் அடித்தொட்டி) இருக்கும் ஆயில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.-வில் பதிவாகியிருக்கும் பழைய பழுதுக் குறியீடுகள்.

டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். ஆயில் வரவில்லை என்றால் ஷாஃப்ட் வெப்பத்தில் நீலம் பாய்ந்திருக்கும். ஆயிலில் அழுக்கு இருந்தால் பேரிங்கில் வரிவரியாகக் கீறல் தெரியும். ஏர் ஃபில்டர் பக்கம் கசிந்து தூசியோ துண்டோ உள்ளே போயிருந்தால் காற்றை இழுக்கும் சக்கரத்தின் இறக்கைகள் அரிபட்டிருக்கும் அல்லது வளைந்திருக்கும். மூன்றும் மூன்று விதமான காரணம், பொறுப்பும் மூன்று விதமாகப் போகும். அனுபவமுள்ள ஒருவர் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். ஆகவே உங்கள் தகராறில் கேட்க வேண்டிய கேள்வி 'சர்வீஸ் எங்கே செய்தீர்கள்' என்பதல்ல, 'டர்போ எதனால் போனது' என்பதுதான். சர்வீஸ் சென்டர் முதல் கேள்வியையே பேசிக்கொண்டிருக்கும். நீங்கள் இரண்டாவதை விடக் கூடாது.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. மெக்கானிக் 20,000-ல் ஊற்றிய ஆயிலை 30,000-ல் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றியவர்கள் சர்வீஸ் சென்டர்காரர்களே. டர்போ போனபோது இன்ஜினில் இருந்தது அவர்கள் ஊற்றிய ஆயில்! அன்றைக்கு 'வெளியில் சர்வீஸ் செய்துவிட்டீர்கள், இனி வாரண்டி இல்லை' என்று ஒரு வரி எழுதினார்களா? எழுதவில்லை என்றால், பணம் வாங்கிக்கொண்டு சீல் போட்டவர்கள் இன்று அதே காரணத்தைச் சொல்வது எப்படி என்று நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம்.

அதைவிட முக்கியம் 35,000 கி.மீ. ஜாப் கார்டு (அன்று செய்த வேலையைக் குறித்த சீட்டு). 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் விற்கும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்க டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. டவுனுக்குள்ளேயே ஓடினால் கரியை எரிக்கும் அளவு சூடு வருவதில்லை, வடிகட்டி அடைக்கிறது, விளக்கு எரிகிறது. அதை எரிக்க பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசல் தெளிக்கின்றன. ரீஜெனரேஷன் பாதியில் நின்று நின்று போனால் அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடியிருக்கும், ஆயில் நீர்த்திருக்கும். நீர்த்த ஆயிலில் முதலில் அடிபடக்கூடியது டர்போ பேரிங். அன்றைக்கு ஆயில் அளவைப் பார்த்தார்களா, மாற்றினார்களா, டவுன் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லி எச்சரித்தார்களா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் தெரியும். உங்கள் டர்போ இதனால்தான் போனது என்று நான் சொல்லவில்லை, அதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இப்படி ஒரு காரணம் சாத்தியம் என்னும்போது, ஆயிலைச் சோதிக்காமலே பழியை மெக்கானிக் மீது போடுவதை ஏற்க முடியாது. சோதனையில் டீசல் கலப்பு தெரிந்தால், 35,000-ல் வண்டியைக் கையில் வைத்திருந்தவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி உங்கள் பக்கத்துப் பலவீனம். மெக்கானிக்கின் பில் இருக்கிறதா? அதில் ஆயிலின் பெயரும் கிரேடும் எழுதியிருக்கிறதா? டி.பி.எஃப். உள்ள இன்ஜினுக்குச் சாம்பல் குறைவான தனி வகை ஆயில் வேண்டும். பழைய லாரிக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றியிருந்தால் அந்தச் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும், ரீஜெனரேஷன் செய்தாலும் எரியாது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடிப்பார். பில் இல்லை என்றால் மெக்கானிக்கிடம் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் இல்லாத பில்லை இப்போது எழுதி வாங்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது ஒன்று போதும், உண்மையான மற்ற காகிதங்களையும் சந்தேகிக்க வைத்துவிடும்.

வெளியில் சர்வீஸ் செய்தாலே வாரண்டி ரத்து என்பது சரியா என்றால், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் (சந்தையில் நியாயமான போட்டியைக் கவனிக்கும் அரசு அமைப்பு) 14 கார் தயாரிப்பாளர்கள்மீது பிறப்பித்த உத்தரவு உங்களுக்கு உதவும். அப்படி ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டும்தான் வாரண்டியை மறுக்கலாம் என்பது அதன் சாரம். மேல்முறையீட்டுக்குப் போன உத்தரவு என்பதால் அதை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள், துணை வாதமாக வையுங்கள். வாரண்டி புத்தகத்தின் வாசகத்தையும் வரிவரியாகப் படியுங்கள். 'பராமரிப்புக் குறைவால் ஏற்பட்ட பழுது' என்று இருந்தால் அதற்கும் 'வெளியில் செய்த சர்வீஸ்' என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சரி, இன்று செய்ய வேண்டியது. சர்வீஸ் சென்டருக்கும் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே ஈமெயில் அனுப்புங்கள். வாரண்டியை எந்த நிபந்தனையின் கீழ், எந்தப் பரிசோதனையை வைத்து மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்து உங்கள் நிபந்தனைகள்: என் முன்னிலையில், வீடியோ எடுத்துப் பிரிக்கச் சம்மதம். பிரிக்கும் முன் இ.சி.யு. பதிவுகளை அச்செடுத்துத் தர வேண்டும். ஆயிலை இரண்டு பாட்டில்களில் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வைக்க வேண்டும். டர்போவை அப்புறப்படுத்தக் கூடாது என்று எழுதுங்கள். காரணத்தை நீங்கள் எழுத்தில் தராததால்தான் வண்டி அங்கே நிற்கிறது, பார்க்கிங் கட்டணத்துக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்றும் சேருங்கள். தொலைபேசிப் பேச்சு எதற்கும் உதவாது. பேசினாலும் அன்றே அதன் சுருக்கத்தை மெயிலில் போட்டுவிடுங்கள்.

பதில் வரவில்லை என்றால் ஒப்புகையோடு தபாலில் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், தயாரிப்பாளரின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் கவலை இல்லை. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய். தயாரிப்பாளர், சர்வீஸ் சென்டரை நடத்தும் டீலர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். வாரண்டி வாக்கு தயாரிப்பாளருடையது, சர்வீஸ் குறைபாடு டீலருடையது. ஒருவரை விட்டால் இருப்பவர் இல்லாதவரைக் கைகாட்டுவார். 2021-ல் டாடா மோட்டார்ஸ் எதிர் ஆண்டோனியோ பாலோ வாஸ் வழக்கில், டீலர் செய்த தவறுக்குத் தயாரிப்பாளர் தானாகவே பொறுப்பாகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே யார்மீது என்ன குற்றச்சாட்டு என்பதைத் தனித்தனியாக எழுத வேண்டும்.

பழுதை நிரூபிக்கும் முதல் சுமை உங்களுடையது. அதனால் புகாரோடு சேர்த்தே, 2019 சட்டத்தின் 38-வது பிரிவின்படி ஆயிலையும் டர்போவையும் பரிசோதனைக்கு அனுப்ப மனுப் போடுங்கள். அரசுப் பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரை நிபுணராகக் கேட்பது என் விருப்பம். வண்டியை விடுவிக்கவும் பார்க்கிங் கட்டணத்தை நிறுத்திவைக்கவும் அதே பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்க இடமிருக்கிறது.

கடைக்காரர் என்பதால் 'வணிக நோக்கத்துக்கு வாங்கிய வண்டி, நீங்கள் நுகர்வோரே அல்ல' என்று கிளப்புவார்கள். சொந்தப் பெயரில், குடும்பத்துக்கும் சேர்த்து நீங்களே ஓட்டும் வண்டி என்றால் பயப்பட வேண்டாம். புகாரிலேயே அதை ஒரு பத்தியாகச் சொல்லிவிடுங்கள்.

புது வண்டி கேட்க முடியுமா என்றீர்கள். கேட்கலாம், கிடைப்பது கடினம். 2006-ல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித் தரத்தான் வாக்களிக்கிறது என்று சொல்லி, புது வண்டி தரும் உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 38,500 கி.மீ. ஓடிய வண்டிக்கு அது இன்னும் கடினம். வாரண்டியில் புது டர்போ, ஆயில் குழாயும் இன்டர்கூலரும் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சுத்தம் செய்வது அல்லது மாற்றுவது, மாற்றிய பாகத்துக்குத் தனி வாரண்டி, வண்டி நின்ற நாட்களுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. இவற்றைக் கேளுங்கள். இன்டர்கூலரை விடாமல் கேட்பதற்குக் காரணம் உண்டு. பழைய டர்போ கக்கிய ஆயில் அங்கே தேங்கியிருந்தால், புது டர்போ போட்ட பிறகும் இன்ஜின் அதை இழுத்து எரிக்கும்.

வண்டி இல்லாமல் கடை நடக்காது என்றால் 1.9 லட்சத்தைக் கட்டி எடுத்துவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்கலாம். ஆனால் பரிசோதனைக்கான ஆயிலும் பழைய டர்போவும் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கட்ட வேண்டும். பில்லின் மேலேயே 'உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். 'முழுத் திருப்தி' என்று அச்சடித்த சீட்டில் கையெழுத்து வேண்டாம். சாதாரண கார் இன்ஷூரன்ஸ் இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது, அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

வண்டிக்குக் கடன் இருந்தால் இ.எம்.ஐ. நிறுத்தாதீர்கள். வண்டி ஓடவில்லை என்பது வங்கிக்கு எதிரான காரணம் ஆகாது. புகார் கொடுக்க, வாரண்டியை மறுத்த நாளிலிருந்து 2 வருடம் இருக்கிறது. மெயிலும் நோட்டீஸும் மாறிமாறிப் போவதால் அந்தக் கெடு நீளாது. உங்கள் வழக்கில் ஆயில் மாதிரியும் டர்போவும் காத்திருக்காது என்பதால் இந்த மாதத்திலேயே தொடங்குங்கள்.