சிப்பிப்பாறைக் குட்டிக்குத் தடம் பிடிக்கப் பழக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு ஆறு மாதம் ஆகிறது. ஓட்டத்தில் குறையே இல்லை. ஆனால் மோப்பம் பிடித்துப் போகப் பழக்கினால், தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தபடி நிற்கிறது. முயல் தோலைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பழக்கினால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமா. செய்யலாமா? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: முயல் தோல் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைக் கொல்வது மட்டும் குற்றமல்ல. நாயை ஏவித் துரத்துவதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். முயல் வாடையில் ருசி கண்ட நாய், நாளைக்கு ஓர் உண்மையான முயல் குறுக்கே பாய்ந்தால் உங்கள் குரலுக்குத் திரும்பாது. அப்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான். மனிதக் காலடித் தடத்தில் பழக்குங்கள். தடம் பிடிக்கும் கலை முழுவதையும் அதிலேயே கற்றுத்தர முடியும்.

அடுத்து, குட்டிக்கு மூக்கு மந்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிப்பிப்பாறையும் அதைப் போன்ற கன்னி இன நாயும் திறந்த கரிசல் வெளியில் இரையைக் கண்ணால் கண்டு விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. மோப்பம் பிடித்து வேட்டையாடும் இனமான பீகிளின் குட்டியை வெளியே விட்டால் முதலில் மூக்கு தரைக்குப் போகும். உங்கள் குட்டிக்கு முதலில் கண் அடிவானத்துக்குப் போகிறது. அவ்வளவுதான் வேறுபாடு. முகர்வதற்கு எந்த நாய்க்கும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையைத் தூக்கினால் ஒன்றும் கிடைக்காது, குனிந்தால் ஒவ்வோர் அடியிலும் ஏதோ கிடைக்கும் என்ற அனுபவத்தைத்தான் தர வேண்டும். தடத்தை அப்படி அமைப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

சூரியன் ஏறுவதற்கு முன், தரையில் ஈரம் இருக்கும்போது தொடங்குங்கள். நாம் நடக்கும்போது தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. கூடவே மிதிபட்ட புல்லும் கிளறப்பட்ட மண்ணும் தனி வாடை விடுகின்றன. இந்தக் கலவைதான் தடம். ஈரத்தில் அது தங்கும். வெயிலிலும் வறண்ட காற்றிலும் கலைந்துவிடும். வெயில் ஏறிவிட்டால் நாய்க்கும் இரைக்கத் தொடங்கிவிடும். வாயைத் திறந்து இரைக்கும் நாயால் சரியாக முகர முடியாது. சித்திரை வைகாசியில் வெறும் கரிசலில் புதுக் குட்டியைப் பழக்குவது வீண்வேலை. மழைக்குப் பின் புல் முளைத்த தரிசு நிலம் அருமையான இடம். நெருஞ்சி மண்டிய இடத்தைத் தவிருங்கள். முதல் நாளே காலில் முள் ஏறிய குட்டி அந்த வேலையையே வெறுத்துவிடும்.

காலை உணவு கொடுப்பதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். வேகவைத்த கோழி ஈரலை உப்பில்லாமல் சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். குட்டியைச் சற்றுத் தள்ளிக் கட்டிவிட்டு, காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். இதை மறக்கவே கூடாது. காற்று எதிரே வீசினால் முன்னால் கிடக்கும் ஈரலின் வாசனை நேராக மூக்குக்கு வந்துவிடும். குட்டி தலையைத் தூக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு பாய் அளவு இடத்தை நன்றாக மிதித்து, அதில் சில துண்டுகளைத் தூவுங்கள். அங்கிருந்து குதிகாலும் பெருவிரலும் ஒட்டுகிற மாதிரி சிற்றடி வைத்து, நேர்கோட்டில் பதினைந்து இருபது அடி வையுங்கள். ஒவ்வொரு காலடிப் பள்ளத்திலும் ஒரு துண்டு. முடிவில் ஒரு கிண்ணத்தில் கைநிறைய ஈரல். திரும்பும்போது போட்ட தடத்தின் மேலேயே வராமல் தூரமாகச் சுற்றி வாருங்கள். உடனே குட்டியை இறக்குங்கள். தாமதித்தால் நம் ஊர் எறும்புகள் முந்திக்கொள்ளும். எறும்பு மொய்த்த துண்டைக் கவ்வி உதட்டில் கடிபட்ட குட்டி, மறுநாள் தரைப்பக்கமே குனியாது.

கழுத்துப்பட்டையில் கயிறு கட்டக்கூடாது. இந்த இனத்துக்குக் கழுத்து நீளம். ஒரு வேக இழுப்பில் அடிபட்டுவிடும். மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் போட்டு, ஐந்து மீட்டர் கயிறு கட்டுங்கள். பழகிய பிறகு பத்து மீட்டர். மிதித்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விரலால் காட்டுவது, "தேடு தேடு" என்று விரட்டுவது, தடத்தை நோக்கி இழுப்பது எதுவும் வேண்டாம். குட்டி விலகினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். கயிறு நீளாது என்று தெரிந்ததும் அது சுற்றிச் சுற்றித் தேடி, தானே தடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பலில்தான் பாடம் இருக்கிறது. அதை நீங்கள் செய்து கொடுத்தால் அது உங்கள் கையைப் பார்க்கவே கற்றுக்கொள்ளும்.

தடத்தில் இருக்கும் நாயைப் பார்த்தாலே தெரியும். மூச்சு சிறு சிறு இழுப்புகளாகக் கேட்கும், வால் ஒரே நிலையில் நிற்கும், நடை மெதுவாகும். தடத்தை விட்டதும் தலை நிமிரும், வேகம் கூடும். இந்த மாற்றத்தைப் படிக்க உங்கள் கண் பழகுவதும் பயிற்சியில் பாதி. அதனால்தான் தொடக்கத்தில் தடம் எங்கே போகிறது என்பது உங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கல்லையோ குச்சியையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கு தரையை விட்டு எழாமல் கடைசிவரை போகத் தொடங்கிய பிறகு, இரண்டடிக்கு ஒன்று, ஐந்தடிக்கு ஒன்று என ஈரலைக் குறையுங்கள். பிறகு மெல்லிய வளைவு, அதன்பின் செங்குத்துத் திருப்பம். திருப்பத்தைத் தாண்டிய முதல் சில அடிகளில் தீனியைக் கூட்டுங்கள். தடத்தைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் எனக் காத்திருப்பதும் இந்தக் கட்டத்தில்தான். அப்போது எறும்புக்குப் பயந்து முடிவில் மட்டும் மூடிய டப்பாவில் தீனி வைக்கலாம். நீளம், வளைவு, நேரம் ஆகியவற்றில் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள். தடம் பிடித்தல், கீழ்ப்படிதல், காவல் ஆகியவற்றில் நாய்களைச் சோதிக்கும் உலக அளவிலான ஐ.ஜி.பி. தேர்வின் முதல் நிலையில், தடம் 300 காலடி நீளம், குறைந்தது 20 நிமிடம் பழைய தடம், அதுவும் நாயைப் பழக்குபவரே போட்டது. மூன்றாம் நிலையில் 600 காலடி, ஒரு மணி நேரப் பழசு, வேற்றாள் போட்டது. எவ்வளவு படிப்படியாகக் கூட்டுகிறார்கள் பாருங்கள்.

ஆறு மாதக் குட்டிக்கு எலும்பு இன்னும் முற்றவில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும். பட்டினி போட்டால்தான் நாய் தேடும் என்று சிலர் சொல்வார்கள். அது கொடுமை, பயனும் இல்லை. பசி வெறியில் குட்டி துண்டிலிருந்து துண்டுக்குத் தாவும், தடத்தை முகராது. அடித்தால் தடம் என்றாலே பயம் என்று ஆகிவிடும்.

ஒன்றுக்கு மட்டும் எப்போதும் தயாராக இருங்கள். கௌதாரியோ ஆடோ எழுந்து ஓடினால் உங்கள் குட்டி கண்ணை நம்பிப் பாயும். அது அதன் இரத்தத்தில் இருக்கிறது. கயிற்றைச் சட்டென்று இறுக்காமல், கூடவே நான்கடி ஓடி மெல்ல நிறுத்துங்கள். திட்டாதீர்கள். மூச்சு அடங்கும்வரை நின்று, தண்ணீர் காட்டி, கடைசியாகத் தடத்தில் சரியாக இருந்த இடத்துக்குக் கூட்டிவாருங்கள். அங்கே நாலைந்து துண்டு வைத்து, அவற்றை முகர்ந்து தின்றதும் அன்றைய வேலையை முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கிலும் காதுமடலிலும் முள்ளும் உண்ணியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு உணவு வையுங்கள்.