கிரேக்கம் படித்த செருப்புத் தொழிலாளி

அன்புள்ள ஐயா,

மகள் பொறியியல் வேண்டாம், பழைய மொழிகளைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகப் பதில் சொல்வதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ 1852இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், மேக்கன் நகரில் பிறந்தார். தாய் அடிமை, பிள்ளைக்கும் அதே நிலைதான் என்பது அன்றைய சட்டம். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாக இருந்த அந்த ஊரில் ஒளிந்து ஒளிந்து படித்தார். செருப்புத் தைக்கவும் பழகினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. 1875இல் ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்று, 1877இல் ஒஹாயோவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் லத்தீன், கிரேக்கப் பேராசிரியரானார். கறுப்பருக்குக் கிரேக்க இலக்கணம் ஏறுமா என்று ஏளனம் பேசிய நாட்டில், 1881இல் கிரேக்கப் பாடநூல் ஒன்றையே எழுதி வெளியிட்டார்.

மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது இதற்கு அடுத்த பகுதி. 1890களில் அந்தப் பேராசிரியர் பதவி அவர் கையை விட்டுப் போனது. பக்கத்து இறையியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. சம்பளத்துக்கான பணத்தை அவரே திரட்ட வேண்டிய நிலை. ஆசிரியையான மனைவி சாராவின் வருமானம்தான் குடும்பத்தைத் தாங்கியது. 1897இல் பழைய இடத்துக்குத் திரும்பினார். 1908 முதல் 1920 வரை அதே பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார். அந்த நாற்காலியில் கிரேக்கத்தைவிடக் கணக்கு வழக்கும் நன்கொடை கேட்கும் பொறுமையும்தான் அதிகம் தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே மகளைத் தடுக்காதீர்கள். ஆனால் செலவைக் கணக்குப் போடுங்கள். முதுகலை, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் என்று ஆண்டுகள் ஓடும். அதுவரை வீடு தாங்குமா? மொழிபெயர்ப்பு, பதிப்புப் பணி, நூலகவியல் ஆகியவற்றில் ஒன்றையாவது அவள் கூடவே கற்றுக்கொள்ளட்டும். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பற்றி இப்போதே விசாரித்து வையுங்கள்.

அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவள்தான் பேச வேண்டும். நீங்கள் வெளியே காப்பி குடித்துக்கொண்டிருக்கலாம்.