சாம்பிள் ஓகே ஆகாமல் கட்டிங் போடுவீர்களா? மோஷன் டிசைன் தொழிலுக்குப் போகத் துடிக்கும் பையனின் அப்பாவுக்கு

வணக்கம்.

தம்பியை என்னிடம் ஆலோசனைக்குக் கூட்டிக்கொண்டு வந்து போன பிறகு நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். பின்னால் ஓவர்லாக் தையல் மெஷின் சத்தம். "பி.காம். கடைசி வருஷம்ங்க. பையிங் ஆபீஸ்ல மெர்ச்சன்டைசர் வேலை சொல்லி வச்சிருக்கேன், வேண்டாங்கறான். வீட்டுல இருந்தே அனிமேஷன் பண்ணிச் சம்பாதிக்கிறேங்கறான். கம்ப்யூட்டருக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேக்கறான். குடுக்கலாமுங்களா?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். தொழில் நல்ல தொழில். தம்பிக்குக் கை இருக்கிறது. ஆனால் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். ஏன் என்பதுதான் இந்தக் கடிதம். இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். திருப்பூரில் பவர் டேபிள் தையல் யூனிட் நடத்துகிறவருக்கு, அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க் பற்றி நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? தம்பி தொடங்க நினைப்பதும் ஒரு ஜாப் ஒர்க்தான். துணிக்குப் பதில் படம், அவ்வளவுதான்.

மோஷன் டிசைன் என்றதும் கார்ட்டூன் படம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தேர்தல் முடிவு நாளில் டிவியில் எண்கள் ஏறி இறங்குவதும், பணம் அனுப்பியதும் போனில் பச்சை டிக் சுழன்று வந்து நிற்பதும், ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஸ்டென்ட் ரத்தக்குழாய்க்குள் எப்படி விரிகிறது என்று ஓடும் படமும் இந்த வேலைதான். 1993-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே அடோபி கைக்குப் போன ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருள்தான் இன்றும் இந்தத் தொழிலின் ஓவர்லாக் மெஷின். முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர் இருக்கிறது, அது இலவசம்.

அன்று தம்பி போனில் ஒரு 30 விநாடி வீடியோ காட்டினாரே, ஒரு ரெடிமேட் கடைக்குச் செய்தது. டி-ஷர்ட் மேலிருந்து விழுந்து, மேஜையில் பட்டு, தானாக மடிந்துகொள்ளும். நிறம் அருமை. ஆனால் விழுந்த இடத்தில் ஒரு குறை இருந்தது. "தம்பி, இது துணி விழுகிற மாதிரி இல்லை, ஓடு விழுகிற மாதிரி இருக்கிறது" என்றேன். முகம் சுண்டிவிட்டது. நான்கு நாள் கழித்துத் திருத்தி அனுப்பினார். இப்போது சட்டையின் நடுப்பகுதி முதலில் மேஜையைத் தொடுகிறது, இரண்டு கைகளும் அரை நொடி தாமதமாக வந்து படிகின்றன, விளிம்பு லேசாக எழும்பி அடங்குகிறது. அசைவின் வேகத்தைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் இரண்டு வளைவுகளை இழுத்து மாற்றியதாகச் சொன்னார். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சண்டைக்கு வராமல், நான்கு நாளில் சரிசெய்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. கை இருக்கிறது என்று சொன்னது இதை வைத்துத்தான்.

அடுத்து, அந்த வீடியோவுக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டேன். "6,000 சார்." எத்தனை நாள் வேலை? "மூணு நாள்தான் சார்." உட்கார்ந்து எண்ணினோம். கடைக்காரரிடம் பேச்சு, யோசனை, படம் வரைந்தது, அசைவு கொடுத்தது, இசை தேடியது, ஒன்பது முறை திருத்தியது என்று கூட்டினால் முழுசாக ஏழு நாள்.

செலவைக் கூட்டி விலை போடும் காஸ்டிங் ஷீட் இல்லாமல் நீங்கள் ஒரு ஆர்டரையாவது எடுத்ததுண்டா? தம்பிக்கும் ஒன்று போட்டுப் பார்ப்போம். இவை நான் உத்தேசமாக வைத்த எண்கள், உங்கள் வீட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் தனக்கென்று எடுப்பது 30,000. மென்பொருள் சந்தா, ஃபான்ட், இசை உரிமம் 5,000. நெட், கரன்ட் 2,500. கம்ப்யூட்டரைக் குறைத்து ஒன்றரை லட்சம் என்றே வைத்து மூன்று ஆண்டில் கழித்தால் மாதம் சுமார் 4,200. போக்குவரத்து, போன், பேக்கப் டிஸ்க் என்று 3,300. ஆக மொத்தம் 45,000. இதை 25 நாளால் வகுக்கக் கூடாது. எல்லாரும் தவறுவது இங்கேதான். தனியாகத் தொழில் செய்கிறவருக்கு மாதத்தில் பாதி நாள் கொட்டேஷன் போடுவது, போன் பேசுவது, பாக்கி கேட்பது, புதிதாகக் கற்பது என்றே போய்விடும். பில் போடக்கூடிய நாள் 12 கிடைத்தால் நல்ல மாதம். 45,000-ஐ 12-ஆல் வகுத்தால் நாளுக்கு 3,750. ஆர்டர் இல்லாத மாதத்துக்காக இருபது சதவீதம் சேர்த்தால் 4,500. அந்த ஏழு நாள் வீடியோவின் விலை 31,500 ரூபாய்.

தம்பி வாங்கியது நாளுக்கு 857 ரூபாய். 12 நாளுக்கு 10,300 கூட வராது. தனக்கென்று ஒரு ரூபாய் எடுக்காவிட்டாலும் தொழிலுக்கான செலவு மட்டும் 15,000. அதாவது கைக்காசைப் போட்டு அந்தக் கடைக்கு விளம்பரம் செய்திருக்கிறார்.

"31,500 யாருங்க குடுப்பாங்க?" என்று கேட்பீர்கள். ரெடிமேட் கடைக்காரர் கொடுக்க மாட்டார், அவர்மேல் தப்பும் இல்லை. அவருக்கு அந்த வீடியோ இல்லாவிட்டாலும் வியாபாரம் நடக்கும். கேமராவால் எடுக்க முடியாத ஒன்றைக் காட்டியே ஆகவேண்டியவர்தான் கொடுப்பார். நம் ஊரிலேயே ஒரு உதாரணம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது உங்களுக்கு மறந்திருக்காது. அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவதுதான் நிலைமை. வெளிநாட்டு பையர் வந்து, தண்ணீர் எப்படி மறுபடி தண்ணீராகிறது என்று கேட்கிறார். கேமராவில் எடுத்தால் தொட்டியும் குழாயும்தான் தெரியும். உள்ளே சவ்வு உப்பைப் பிரிப்பதும், மிச்ச உப்புநீர் ஆவியாக்கிக்குப் போவதும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நிமிட மோஷன் வீடியோ அதைக் காட்டிவிடும். அந்த ஏற்றுமதியாளர் 60,000 கொடுப்பதற்கு யோசித்தாலும் கொடுப்பார், ஏனென்றால் எதிரில் நிற்கும் ஆர்டர் கோடியில் இருக்கிறது.

கோயம்புத்தூர் பம்ப், ஜவுளி இயந்திரக் கம்பெனிகளும் இதே ரகம். வால்வு திறப்பதைக் காட்ட வேண்டும், இயந்திரத்தை அறுத்துக் காட்ட முடியாது. சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் விற்கும் கம்பெனிகளுக்கு, தங்கள் சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று ஒன்றரை நிமிடத்தில் சொல்லியாக வேண்டும். தம்பி இந்த மாதிரி ஒரு துறையைப் பிடித்துக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால் ஜவுளிதான். டையிங், காம்பேக்டிங், ஜிஎஸ்எம் என்று அவர் வீட்டில் கேட்டு வளர்ந்த சொற்களை பெங்களூரு ஸ்டுடியோக்காரர் முதலிலிருந்து கற்க வேண்டும்.

வெளிநாட்டு வாடிக்கையாளரை ஃபைவர் மாதிரி இணையத்தில் வேலை பிடித்துத் தரும் தளங்களில் பிடிக்கலாம் என்று தம்பி சொன்னார். பிடிக்கலாம். அது 20 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் தரும், அதற்குமேல் பணமாற்றக் கட்டணம். பழகுவதற்குச் சரி. அதையே தொழில் என்று நம்பி உட்கார வேண்டாம்.

இனி தலைப்பில் கேட்ட கேள்வி. பையர் சாம்பிளை ஓகே செய்து கையெழுத்துப் போடாமல் நீங்கள் கட்டிங் டேபிளில் துணியை விரிப்பீர்களா? மாட்டீர்கள். மோஷன் டிசைனிலும் சாம்பிள் உண்டு. முதலில் ஸ்கிரிப்ட், அப்புறம் காட்சி வாரியாக வரைந்த ஸ்டோரிபோர்டு, அப்புறம் முடிந்த வீடியோவில் வரப்போகிற நிறமும் எழுத்துமாக இரண்டு மூன்று ஸ்டைல் ஃபிரேம். ஒவ்வொன்றுக்கும் மெயிலில் "ஓகே" வாங்கிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். திருத்தம் இரண்டு முறை இலவசம், மூன்றாவதிலிருந்து நாள் கணக்கில் காசு என்று கொட்டேஷனிலேயே எழுதிவிட வேண்டும். ஒன்பது திருத்தம் எப்படி வந்தது தெரியுமா? தம்பி ஸ்டோரிபோர்டே காட்டவில்லை, நேராக முடித்த வீடியோவைக் கொண்டுபோய் நீட்டினார். கடைக்காரர் அப்போதுதான் யோசிக்கவே ஆரம்பித்திருக்கிறார்.

பணம் பாதி அட்வான்ஸ், ஸ்டோரிபோர்டு ஓகே ஆனதும் கால் பங்கு, மீதி கொடுத்த பிறகே கடைசி ஃபைல். அதுவரை போகிற பிரதிகளில் குறுக்கே பெயர் போட்டிருக்கும். என்னிடம் முன்பு ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், தெரிந்தவர்கள்தானே என்று அட்வான்ஸ் இல்லாமல் ஒரு கம்பெனிக்கு நான்கு வீடியோ செய்து கொடுத்தார். எட்டு மாதம் அலைந்து பாதிதான் வந்தது.

வேலை முடிந்ததும், வீடியோவைத் திருத்தக்கூடிய மூல ஃபைலைக் குறிப்பிட்டு, "ஒர்க்கிங் ஃபைலையும் அனுப்பிடுப்பா" என்று கேட்பார்கள். பிரிண்டிங் பட்டறைக்காரர் பிரிண்ட் அடித்த துணியைத் தருவார், அச்சடிக்கும் ஸ்கிரீனைத் தூக்கிக் கொடுத்துவிடுவாரா? வீடியோ காசு கொடுத்தவருக்கு. ஃபைல் வேண்டுமென்றால் தனி விலை. இதையும் முதல் நாளே எழுத வேண்டும்.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கும் உங்களுக்கு. தம்பி பெயரிலும் ஒன்று போட்டுவிடுங்கள். ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது, ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுதிய ஒப்பந்தம் இருந்தால்கூட வாங்கியவர் 45 நாளுக்குமேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வட்டி உண்டு, இதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். புகார் வரை போகத் தேவையே இருக்காது. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே அக்கவுண்ட்ஸ் பிரிவில் அந்தப் பில் மேலே வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு வரும். மற்றதை உங்கள் ஆடிட்டரே சொல்வார்.

ஏஐ எல்லாவற்றையும் தின்றுவிடாதா என்று உங்கள் துணைவியார் கேட்டார். கீழ்த்தட்டு வேலையைத் தின்றுகொண்டிருக்கிறது. லோகோ சுழல்வது, பண்டிகை வாழ்த்து போன்றவை டெம்ப்ளேட் வந்தபோதே போய்விட்டன. ஆனால் ஒரு ஆலையின் அந்தக் குறிப்பிட்ட வால்வு, அது இருக்கிற இடத்தில், சரியான திசையில் திறக்க வேண்டும் என்றால் இன்னும் ஒரு ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்திலும் அப்படித்தான். எழுத்தெழுத்தாகத் திரையில் வரும்படி அமைத்தால் "கொ" என்பது கொம்பு தனி, க தனி, கால் தனி என்று சிதறி வருகிற விளம்பரங்களை எத்தனை பார்த்திருப்போம்! தமிழை உடைக்காமல் அசைக்கத் தெரிந்தவருக்கு இங்கே வேலை இருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்வது? டிகிரியை முடிக்கட்டும். பி.காம். இந்தத் தொழிலுக்கு வீண் என்று தம்பி நினைக்கிறார், மேலே போட்ட காஸ்டிங் எல்லாம் பி.காம்.தான். அதன் பிறகு சென்னையிலோ கோவையிலோ பெங்களூருவிலோ ஒரு ஸ்டுடியோவில் இரண்டு ஆண்டு. சம்பளம் மெர்ச்சன்டைசரைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம், பரவாயில்லை. வாடிக்கையாளரிடம் எப்படி "இல்லை" என்று சொல்வது என்பதை அங்கேதான் பார்த்துக் கற்க முடியும். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று பலகை வைத்திருக்கும் இன்ஸ்டிட்யூட் பக்கம் போக வேண்டாம். முறையாகப் படித்தே ஆகவேண்டும் என்றால் தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் அது முதலிலிருந்து நான்கு ஆண்டு, தம்பிக்கு இப்போது அது தேவையா என்பது எனக்குச் சந்தேகம்.

வேலையை விட்டுத் தனியாக இறங்குவது எப்போது? ஆறு மாதச் செலவு பேங்கில் இருக்க வேண்டும். மூன்று வாடிக்கையாளராவது இரண்டாவது தடவை தாங்களாக வந்திருக்க வேண்டும். மொத்த வரவில் பாதிக்குமேல் ஒரே இடத்திலிருந்து வரக் கூடாது. ஒரே பையரை நம்பி இருந்த யூனிட்டுகளின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கம்ப்யூட்டர் விஷயம். இருக்கிற லேப்டாப்பில் ரேமை 32 ஜிபி ஆக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். இப்போது செய்கிற வேலைக்கு அது போதும். மாணவர்களுக்கு அடோபி குறைந்த சந்தாவில் தருகிறது, அதை வாங்கிக் கொடுங்கள், கிராக் செய்த மென்பொருள் வேண்டாம். பெரிய மெஷின், முப்பரிமாண ஆர்டர் கையில் வந்த பிறகு. ஆர்டர் இல்லாமல் நீங்கள் புது பேட்லாக் தையல் மெஷின் வாங்குவீர்களா என்ன?

தம்பியிடம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு சாயப்பட்டறைக்குப் போய் ஒரு நாள் முழுக்க நின்று பார்த்து, அந்தத் தண்ணீர்ப் பாதையை ஒரு நிமிட வீடியோவுக்கு ஸ்டோரிபோர்டாக வரைய வேண்டும், கூடவே அதற்குக் கொட்டேஷனும் எழுத வேண்டும். பட்டறைக்காரரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கொட்டேஷனை மட்டும் நீங்கள் திருத்தாதீர்கள், முதலில் நான் பார்க்கிறேன். சனிக்கிழமை உங்களுக்குச் சம்பளம் போடுகிற நாள், அடுத்த மாதம் ஏதாவது ஒரு ஞாயிறு காலை இரண்டு பேருமாக வாருங்கள்.