ஆலைக் கணினி, பி.எல்.சி.: வாசகர் கேள்விகள்

கோவை நூற்பாலை வாசகர்: சீமென்ஸ் எஸ்5-115யூ பி.எல்.சி.யில் (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பேட்டரி விளக்கு எரிகிறது. நிறுத்திவிட்டு மாற்றலாமா?

இயந்திரத்தை நிறுத்துங்கள், பி.எல்.சி.யின் சப்ளையை நிறுத்தாதீர்கள். அணைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றினால் ரேமில் உள்ள புரோகிராம் போய்விடும். அதற்கும் முன்னால், பேக்கப்: புரோகிராமை நகல் எடுத்து வையுங்கள்.

ஓசூர் வாசகர்: பழைய டாஸ் மென்பொருள் புதுக் கம்ப்யூட்டரில் ஏதோ எரர் காட்டுகிறது.

என்ன எரர்? எண்ணைக்கூட எழுதாமல் தீர்வு கேட்டால் எப்படி? 'ரன்டைம் எரர் 200' என்றால் அது டர்போ பாஸ்கல் என்ற பழைய புரோகிராமிங் மென்பொருளில் எழுதியது. தொடங்கும்போதே கம்ப்யூட்டரின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் போடும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் விடை அடங்காமல் நின்றுவிடும். சோர்ஸ் கோட் இல்லாவிட்டாலும் அதைச் சரிசெய்யும் பேட்ச் (சிறு திருத்தம்) உண்டு. நகலில் மட்டும் போட்டுப் பாருங்கள். வேறு எண் என்றால் எண்ணோடு எழுதுங்கள்.

மதுரை வாசகர்: அமெரிக்காவில் ரயிலை ஃபிளாப்பியில் ஓட்டினார்களாமே?

ஆம். சான் ஃபிரான்சிஸ்கோ மூனி மெட்ரோவின் கட்டுப்பாட்டு அமைப்பு 1998இல் வந்தது. தினமும் காலையில் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியிலிருந்து ஏற்றுவார்கள். மாற்றுவதற்கு 2024இல் ஹிட்டாச்சி ரயிலுடன் 21 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். சிரிக்காதீர்கள். தினமும் ஏற்றுவதால், வட்டு படிக்கிறதா என்பது தினமும் தெரிந்துவிடும்.

சேலம் வாசகர்: கன்ட்ரோல் கம்ப்யூட்டரைப் பத்துப் பன்னிரண்டு வருடமாக அணைத்ததில்லை. பேக்கப் சப்ளையரிடம் இருக்கும். கவலைப்பட வேண்டுமா?

கட்டாயம் கவலைப்படுங்கள். சப்ளையரிடம் இருக்கும் என்று எழுதாத கடிதமே எனக்கு வருவதில்லை. யார் போய்ப் பார்த்தீர்கள்? கமிஷனிங் அன்று, அதாவது நிறுவி ஓட்டிக் காட்டிய அன்று, அவர்கள் எடுத்த நகலுக்குப் பிறகு எத்தனை டைமரை மாற்றினீர்கள், எத்தனை சென்சாரை பைபாஸ் செய்தீர்கள்? அவை எந்த நகலிலும் இல்லை. ஓய்வின்றிச் சுற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் ஒருமுறை நின்றால் மறுபடி சுற்றாமலே போகலாம். ஓடும்போதே டிஸ்க்கின் முழு இமேஜ் (உள்ளது உள்ளபடி நகல்) எடுங்கள். அதை வேறொரு டிஸ்க்கில் ஏற்றி, அதிலிருந்து இயக்கிப் பாருங்கள். இயக்கிப் பார்க்காததை நான் பேக்கப் என்று சொல்லமாட்டேன்.

ரீஸ்டார்ட் ஆன பிறகும் திரையை மட்டும் நம்பாதீர்கள். 2017 அக்டோபரில் வேல்ஸின் கேம்பிரியன் ரயில் பாதையில் சிக்னல் கம்ப்யூட்டர் இரவில் மறுதொடக்கம் ஆனபோது தற்காலிக வேக வரம்புகள் ஏறவில்லை. கட்டுப்பாட்டு அறைத் திரையோ, அவை இருப்பதாகவே காட்டியது. 30 கி.மீ. வேகத்தில் போகவேண்டிய இடத்தில் ரயில் 80இல் போனது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

திருச்சி வாசகர்: ஸ்பேர் கார்டு பீரோவில் புதிதாகவே இருக்கிறது. போதுமல்லவா?

போதாது. சும்மா கிடந்தாலும் கார்டில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் கெடும். வருடத்துக்கு ஒருமுறை ரேக்கில் மாட்டி ஓட்டிப் பாருங்கள், பேக்கப் எடுத்த பிறகு.