பாட்டிலில் தக்காளி, பால்கனியில் கீரை: சென்னை அடுக்ககத்தாரின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (வேளச்சேரி): அம்மா, கோயம்பேட்டில் விலை இறங்கும்போது பத்துக் கிலோ தக்காளி வாங்கி, அரைத்துக் கொதிக்கவைத்துக் கண்ணாடிப் பாட்டில்களில் சூடாக ஊற்றி இறுக மூடிவிட்டால், ஃபிரிட்ஜ் இல்லாமலே ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் முறையில் செய்ய வேண்டாம். இறுக மூடிவிட்டாலே பண்டம் பத்திரம் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். எனக்குக் கவலை தருவது அந்த நம்பிக்கைதான். மண்ணிலிருந்து காய்கறியில் ஒட்டிக்கொண்டு வரும் க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நுண்ணுயிரி, காற்று இல்லாத இடத்தில்தான் பெருகும். விதைபோல் உறங்கிக் கிடக்கும் அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. கோடையில் நம் சமையலறையில் நிலவும் வெப்பம் அதற்கு மிகவும் ஏற்றது. அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. ஆனால் பண்டத்தின் வாசனையிலோ சுவையிலோ பல நேரங்களில் எந்த மாற்றமும் தெரியாது.

இதைத் தடுப்பது புளிப்பு. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த வித்துகள் முளைப்பதில்லை. தக்காளி அந்த எல்லைக் கோட்டின் மீதே நிற்கும் பழம். நன்கு கனிந்ததும் சில ரகங்களும் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. ஆகவே ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிக்குக் குறையாமல், மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தரும் சிட்ரிக் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறுவதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. வெங்காயம், பூண்டு, எண்ணெய் எதுவும் கூடாது. தாளிதம் எல்லாம் பாட்டிலைத் திறந்த பிறகு.

தண்ணீர் சேர்க்காமல் நசுக்கிக் கொதிக்கவைத்த தக்காளியைச் சூடாகவே, வாய்விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை இடம் விட்டு நிரப்புங்கள். மூடியபின், அடியில் துணி விரித்த ஆழமான பாத்திரத்தில் பாட்டில்களை நிறுத்தி, மூடிக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து அரை லிட்டர் பாட்டிலுக்கு 35 நிமிடம், ஒரு லிட்டருக்கு 45 நிமிடம். இது கடல் மட்டத்திலுள்ள சென்னைக்கான கணக்கு. கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அங்கிருக்கும் உறவினருக்கு இந்த நேரத்தை அப்படியே சொல்லிவிடாதீர்கள்.

மறுநாள் மூடியின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். குழிந்து, அசையாமல் இருந்தால் சரி. ‘டக்’கென்று உள்ளே போய் மேலே வந்தால் மூடி பிடிக்கவில்லை என்று பொருள், அந்தப் பாட்டில் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். பழைய ஜாம் பாட்டில் மூடிகளை இதற்கு மறுபடி பயன்படுத்தக் கூடாது. இத்தனையும் முடியாதென்றால், கூழை டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்துவிடுங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): பீன்ஸ், கேரட், பட்டாணியை பிரஷர் குக்கரில் பாட்டிலோடு வைத்து எடுத்தால் அந்த வித்துகள் செத்துவிடாதா?

பதில்: புளிப்பில்லாத காய்களுக்கு 115 முதல் 121 டிகிரி வரை வெப்பமும், அது பாட்டிலின் நடுப்பகுதி வரை போய்ச் சேரும் நேரமும் வேண்டும். நம் வீட்டுக் குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடும். பாட்டிலில் அடைத்துப் பதப்படுத்தும் முறைக்கான கால அளவுகள் எல்லாம் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் பெரிய கலன்களுக்காக வகுக்கப்பட்டவை. எத்தனை விசில் என்று நாமாக ஒரு கணக்குப் போட முடியாது.

நம் ஊரில் அதற்குத் தேவையும் இல்லை என்பது என் கருத்து. ஏப்ரல், மே வெயிலில் கொத்தவரங்காய், சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர் மிளகாய் எல்லாம் கலகலவென்று காய்ந்து வற்றலாகிவிடும். நீர்ப்பசை இல்லாத இடத்தில் எந்த நுண்ணுயிரியும் வளராது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் முயலாதீர்கள். அந்த ஈரக்காற்றில் வற்றல் காய்வதற்குள் பூத்துவிடும்.

கேள்வி (மயிலாப்பூர்): உரித்த பூண்டை நல்லெண்ணெயில் மூழ்க வைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். தவறா?

பதில்: தவறுதான், இன்றே கொட்டிவிடுங்கள். எண்ணெய் காற்றை மட்டுமே தடுக்கிறது. புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை. இனிச் செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள். புளியும் உப்பும் தாராளமாகச் சேர்த்த பூண்டு ஊறுகாய் வேறு வகை.

கேள்வி (பெரம்பூர்): எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. மூன்று முறை தக்காளி நட்டும் கொடிபோல் நீண்டு வாடிவிட்டது. இங்கே ஏதாவது வளருமா?

பதில்: வளரும், ஆனால் தக்காளி அல்ல. காய்க்கும் செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடபுறமாகச் செல்கிறது. எனவே உங்கள் பால்கனிக்கு அந்த மாதங்களில்தான் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் கிடைக்கும்; உச்சிவெயிலை மேல்மாடித் தளம் மறைத்துவிடும். தை மாதத்தில் ஒரு கீற்றும் உள்ளே விழாது. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது வயலுக்கு முழுப் பொருத்தம். ஆனால் வடக்குப் பார்த்த பால்கனியில் ஆடியில் விதைத்த தக்காளி காய்க்க வேண்டிய நேரத்தில் வெயில் தென்புறம் போய்விடுகிறது.

வல்லாரை, புதினா, பசலை, தூதுவளை ஆகியவற்றை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் சிறுகீரை விதைத்தால் 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். ஒரு தொட்டியில் ஒரே நாளில் எல்லா விதையையும் தூவாமல் வாரம் ஒரு தொட்டியாக விதைத்தால், வாரம் ஒரு கூட்டுக்குக் கீரை வரும்.

கேள்வி (பெசன்ட் நகர்): இலை ஓரம் கருகுகிறது, தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொடி படிகிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தை நிறுத்துங்கள். அது உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலிருந்து வந்த உப்பு. தினமும் ஒரு குவளை ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் வேரடியில் தங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடித்துளை வழியாக நன்றாக ஒழுகும் வரை நல்ல தண்ணீரை ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஏசி குழாயிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இருக்காது என்பதால், அதன் கீழ் ஒரு வாளி வைத்துவிடுங்கள். நான் என் கறிவேப்பிலைக்குக் கோடை முழுவதும் அதைத்தான் ஊற்றுகிறேன். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வெளித்தள்ளும் நீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். பருப்புக்கீரையும் பீட்ரூட்டும் உப்பை ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது.

கேள்வி (கொளத்தூர்): பாரம் தாங்காது என்று குடியிருப்போர் சங்கத்தில் தொட்டிகளை எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 40 × 24 × 24 செ.மீ. வளர்ப்புப் பையில் ஈரச் செம்மண்ணை மட்டும் நிரப்பினால் நாற்பது கிலோவை நெருங்கும். தென்னை நார்க் கழிவைப் பாதியளவுக்கு மேல் கலந்து, மீதிக்கு மண்புழு உரமும் சிறிது மண்ணும் சேர்த்தால் எடை பெரிதும் குறையும். அந்தக் கலவையைக் காட்டி, கட்டடப் பொறியாளரிடம் கருத்துக் கேட்டபின் சங்கத்தில் பேசுங்கள்.

கேள்வி (தாம்பரம்): மொட்டை மாடியில் சுரைக்கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. பிஞ்சுகள் விரல் நீளம் வந்ததும் மஞ்சளித்து உதிர்கின்றன.

பதில்: மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. சுரைப் பூ பொழுது சாயும்போது மலர்வது. அந்த நேரத்தில் ஐந்தாம் மாடிக்கு வரும் பூச்சிகள் குறைவு. மாலை ஆறு மணிக்கு மேல் மாடிக்குப் போங்கள். மெல்லிய நீண்ட காம்பில் வெறுமனே நிற்பது ஆண் பூ. பூவுக்கு அடியில் ரோமம் படர்ந்த குட்டிச் சுரைக்காய் போலத் தடித்திருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, வெள்ளை இதழ்களைப் பின்னுக்கு மடித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மென்மையாகத் தடவுங்கள். விரலில் மஞ்சள் தூள் ஒட்டினால் மகரந்தம் முதிர்ந்திருக்கிறது. ஒரு ஆண் பூவால் இரண்டு மூன்று பெண் பூக்களைத் தொடலாம். சேர்க்கை பிடித்திருந்தால் மூன்று நான்கு நாளில் பிஞ்சு பருத்து, காம்பு தரையை நோக்கி வளையத் தொடங்கும். அப்போது அடியில் ஒரு கயிற்று வலையைக் கட்டிவிடுங்கள்.